பார்ப்பதும் குற்றமே!



2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலையை வேளாங்கண்ணியிலும் நாகையிலும் நாகூரிலும் வாழ்பவர்கள் மறந்திருக்க முடியாது. அன்றைய ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. தாய் தந்தையரை இழந்து நின்ற பிள்ளைகள் தவறானவர்களின் கைகளில் சிக்கிவிடக் கூடாதே என்ற கவலை அப்போது எல்லோருக்கும் இருந்தது. அரசே அவர்களைத் தன் பொறுப்பில் ஏற்று, நாகப்பட்டினத்தில் அன்னை சத்யா இல்லத்தில் வளர்த்தது. பிள்ளை யாருடையதாக இருந்தாலும் அது ஊரின் அமானிதம் என்பதை அந்த நாட்கள் நமக்குக் கற்றுத் தந்தன.

அன்று பிள்ளைகளைத் தேடி வரும் தீயவன் பேருந்திலோ ரயிலிலோ வந்து இறங்க வேண்டியிருந்தது. வாசலில் காவல் வைத்தால் போதுமாயிருந்தது. இன்று அவனுக்கு அந்தச் சிரமம் இல்லை. எங்கோ ஓர் ஊரில் ஒரு பிள்ளைக்கு இழைக்கப்படும் கொடுமை படமாக்கப்பட்டு, இணையத்தின் வழியே நம் சட்டைப் பையில் இருக்கும் கைபேசி வரை வந்து சேர்கிறது. அதைத் தேடிப் பார்ப்பவனைப் பற்றி நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது? இதுவே இம்மாத உரையின் பொருள். மிம்பரில் பேசக் கூச்சம் தரும் பொருள்தான். ஆனால் நமது கூச்சம் குற்றம் செய்பவனுக்கே பாதுகாப்பாக அமைந்துவிடுகிறது. ஆதலால் பேசியே ஆக வேண்டியிருக்கிறது.

தனிமையில் பார்த்தால் யாருக்கு நஷ்டம்?

"நான் யாரையும் தொடவில்லை, யாருக்கும் அனுப்பவில்லை. என் அறையில், என் கைபேசியில் பார்த்தேன். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் கேள்வி நம் தமிழகத்திலிருந்தே புறப்பட்டு, நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்று விடை பெற்றது என்பதை வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

2020ஆம் ஆண்டு ஜனவரியில், சென்னையை அடுத்த அம்பத்தூர் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் ஓர் இளைஞர் மீது வழக்குப் பதிவாயிற்று. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்திலிருந்து வந்த தகவலே அதற்கு அடிப்படை. அவருடைய கைபேசி கைப்பற்றப்பட்டுத் தடயவியல் ஆய்வுக்கு அனுப்பப்பட்டது. சிறார் சம்பந்தப்பட்ட இரண்டு காணொளிகள் அதில் இருந்ததாகக் காவல்துறை கூறியது. வழக்கை ரத்து செய்யக் கோரி அவர் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினார். 2024 ஜனவரி 11ஆம் நாள் உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. அவர் அக்காணொளிகளை எவருக்கும் அனுப்பவோ வெளியிடவோ இல்லை. தனிமையில் பதிவிறக்கிப் பார்த்தது மட்டும் சட்டப்படி குற்றமாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இச்செய்தி நாளேடுகளில் வந்த வேகத்தில், "பார்ப்பது குற்றமல்ல என்று கோர்ட்டே சொல்லிவிட்டது" என்ற பேச்சு ஊரெங்கும் பரவியது. இன்றும் அப்படி நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கை முற்றிலும் தவறு.

உச்ச நீதிமன்றம் அளித்த விடை

சிறார் உரிமைக்காகப் பாடுபடும் அமைப்புகளின் கூட்டமைப்பு ஒன்று இத்தீர்ப்பை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றது. அன்றைய தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட், நீதிபதி ஜே.பி.பார்திவாலா ஆகியோர் அடங்கிய அமர்வு 2024 செப்டம்பர் 23ஆம் நாள் தீர்ப்பளித்தது. உயர் நீதிமன்றத்தின் ஆணை பிழையானது என்று கூறி, வழக்கை மீண்டும் விசாரணை நீதிமன்றத்திற்கே அனுப்பியது. அந்த இளைஞர் குற்றவாளியா இல்லையா என்பதை விசாரணை நீதிமன்றமே முடிவு செய்யும். ஆனால் சட்டம் இன்னதுதான் என்பதை உச்ச நீதிமன்றம் ஐயத்திற்கு இடமின்றி வரையறுத்துவிட்டது.

அத்தீர்ப்பு சொன்னவற்றுள் சாதாரண மனிதர் தெரிந்துகொள்ள வேண்டியவை நான்கு.

முதலாவது: ஒருவன் அப்படத்தைத் தன் கைபேசியில் சேமித்து வைத்திருக்க வேண்டும் என்பதில்லை. சேமிக்காமல் இணையத்திலேயே தெரிந்து பார்த்தாலும், பார்க்கும் நேரத்தில் அப்படம் அவன் கட்டுப்பாட்டில் இருக்கிறது. நிறுத்தவும் ஓடவிடவும் பிறருக்கு அனுப்பவும் அவனால் முடிகிறது. ஆகவே அது அவன் வசம் இருந்ததாகவே சட்டம் கொள்ளும்.

இரண்டாவது: பார்த்துவிட்டுப் பின்னர் அழித்துவிட்டேன் என்பது தானாகவே விடுதலை தந்துவிடாது. வழக்குப் பதிவாகும் நாளில் படம் கைபேசியில் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மூன்றாவது: படத்தை அழிக்காமலும் தகவல் தராமலும் வைத்திருந்தவனிடம் பிறருக்குப் பகிரும் எண்ணம் இருந்ததா என்பதை அவனுடைய நடத்தையிலிருந்தே நீதிமன்றம் அனுமானிக்கலாம். அந்த எண்ணம் தனக்கு இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அவனுடையதாகிவிடும்.

நான்காவது: யாரோ அனுப்பிய இணைப்பை இன்னதென்று அறியாமல் திறந்துவிட்டவரின் நிலை வேறு. இன்னதென்று தெரிந்த உடனே மூடிவிட்டு, உரிய அதிகாரிக்குத் தகவலும் தந்துவிட்டால் அவர்மீது குற்றமில்லை. மூடியதோடு நின்றுவிடாமல் தகவல் தர வேண்டும் என்பதையும் நீதிமன்றம் வலியுறுத்தியது.

சட்டத்தின் வாசகம்

இவை நீதிபதிகள் புதிதாகப் படைத்த சட்டங்கள் அல்ல. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு 2009 அக்டோபர் 27 முதலே நடைமுறையில் இருக்கிறது. பதினெட்டு வயது நிறையாத எவரையும் ஆபாசமாகக் காட்டும் பதிவுகளை உருவாக்குவது, திரட்டுவது, தேடுவது, இணையத்தில் பார்வையிடுவது, பதிவிறக்குவது, விளம்பரப்படுத்துவது, பரிமாறுவது, பரப்புவது ஆகிய அனைத்தையும் அப்பிரிவு ஒரே வரிசையில் வைக்கிறது. தேடுவதும் பார்வையிடுவதும் அந்த வரிசையில் இருப்பதைக் கவனியுங்கள். முதல் முறை குற்றம் உறுதியானால் ஐந்தாண்டு வரை சிறையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. மறுமுறை என்றால் ஏழாண்டு வரை சிறை.

2012 நவம்பர் 14ஆம் நாள் நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டத்தின் 15ஆம் பிரிவு, 2019ஆம் ஆண்டு கடுமையாக்கப்பட்டது. பகிரும் எண்ணத்துடன், அழிக்காமலும் தகவல் தராமலும் வைத்திருந்தால் 5,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். பிறருக்கு அனுப்பவோ காட்டவோ பரப்பவோ வைத்திருந்தால் மூன்றாண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். வியாபார நோக்கத்திற்காக வைத்திருந்தால் மூன்று முதல் ஐந்தாண்டு வரை சிறை விதிக்கலாம். மெமரி கார்டில் படம் ஏற்றித் தருகிறேன் என்று கடை நடத்துவோர் இதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

கணிப்பொறியால் உருவாக்கிய படம்தானே, உண்மையான பிள்ளை இல்லையே என்ற சாக்கும் எடுபடாது. உண்மைப் பிள்ளையிலிருந்து பிரித்தறிய முடியாதபடி கணிப்பொறியில் உருவாக்கிய உருவத்தையும், திருத்தியும் ஒட்டியும் செய்த உருவத்தையும் 2019ஆம் ஆண்டுத் திருத்தமே விளக்கத்திற்குள் கொண்டுவந்துவிட்டது. செயற்கை நுண்ணறிவு கொண்டு படம் செய்வது விளையாட்டாகிவிட்ட இக்காலத்தில் நம் இளைஞர்கள் இதை அறிந்திருப்பது அவசியம்.

பெயர் மாறியதன் காரணம்

இவற்றை "சிறார் ஆபாசப் படம்" என்று அழைப்பதே நம் வழக்கம். அந்தப் பெயரை இனி நீதிமன்றங்கள் பயன்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. சிறார் பாலியல் சுரண்டல் மற்றும் வன்கொடுமைப் பதிவு என்ற பொருள் தரும் சொல்லையே பயன்படுத்த வேண்டும் என்றது. சட்டத்திலும் அவ்வாறே திருத்தம் செய்யுமாறு நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொண்டது.

பெயரில் என்ன இருக்கிறது என்று எண்ண வேண்டாம். "படம்" என்றவுடன், யாரோ இசைந்து நடித்தது போன்ற தோற்றம் உண்டாகிறது. பிள்ளைக்கு இசைவு ஏது? அது நடிப்பன்று, ஒரு குற்றம் நடந்துகொண்டிருக்கும்போதே எடுக்கப்பட்ட சாட்சியம். ஒரு கொலையைப் படம் பிடித்து, அதைப் பொழுதுபோக்காகக் கண்டு களிக்கத் தேடித் திரிபவனை நாம் என்ன சொல்வோம்? இதைத் தேடுபவனும் அத்தகையவனே. தேடுவோர் இருப்பதால்தான் எடுப்போர் இருக்கிறார்கள். ஒவ்வொரு தேடலும் இன்னொரு பிள்ளையின் மீது கை வைக்கச் சொல்லும் உத்தரவாகிறது.

யாருக்கு நஷ்டம் என்ற கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. படத்தில் உள்ள பிள்ளைக்கு நஷ்டம். அப்பிள்ளை வளர்ந்து பெரியவளான பின்னும், தன்னை இன்று யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்களோ என்ற அச்சம் அவளை விட்டு நீங்குவதில்லை. இறைவனுக்குச் செய்யும் கடமையில் தவறினால் தவ்பாவின் வாசல் திறந்திருக்கிறது. ஆனால் ஹக்குல் இபாத் எனும் மனிதருக்குரிய கடனில், பாதிக்கப்பட்டவர் மன்னிக்காமல் கணக்குத் தீராது என்பதை நாம் சிறுவயது முதல் கேட்டு வருகிறோம். பெயரும் ஊரும் தெரியாத அந்தப் பிள்ளையிடம் எங்கே போய் மன்னிப்புக் கேட்பது?

காவல்துறைக்கு எப்படித் தெரிகிறது?

ரகசியமாகப் பார்த்தது யாருக்குத் தெரியும் என்று நினைப்பவர்கள் இதையும் தெரிந்துகொள்ளட்டும். அமெரிக்காவில் 1984இல் தொடங்கப்பட்ட, காணாமற்போன மற்றும் சுரண்டப்படும் குழந்தைகளுக்கான தேசிய மையம் என்ற அமைப்பு 1998 முதல் இத்தகைய தகவல்களைப் பெற்று வருகிறது. இணைய நிறுவனங்கள் தமது தளங்களில் இப்படிப்பட்ட பதிவைக் கண்டால் அந்த மையத்திற்கு அறிவிக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். ஏற்கெனவே அடையாளம் காணப்பட்ட ஒவ்வொரு படத்திற்கும் கைரேகை போன்ற ஓர் எண்குறி உண்டு. அதே படம் மீண்டும் ஏற்றப்பட்டால் அக்குறியைக் கொண்டு இயந்திரமே கண்டுபிடித்துவிடும். 2009இல் உருவான போட்டோ டிஎன்ஏ என்னும் நுட்பம் இவ்வகையைச் சேர்ந்தது.

2019 ஏப்ரலில் நமது தேசிய குற்ற ஆவணக் காப்பகம் அந்த மையத்துடன் ஓர் உடன்பாடு செய்துகொண்டது. அதன்பின் இந்தியா தொடர்பான தகவல்கள் டெல்லிக்கு வந்து, அங்கிருந்து மாநிலக் காவல்துறைக்கும் மாவட்டத்திற்கும் செல்கின்றன. 2019ஆம் ஆண்டில் அம்மையத்திற்கு வந்த தகவல்களில் சுமார் 19 லட்சத்து 87 ஆயிரம் இந்தியா தொடர்பானவை. எந்த நாட்டையும் விட இதுவே அதிகம். இது ஆட்களின் எண்ணிக்கையன்று, தகவல்களின் எண்ணிக்கை. ஆயினும் தலை குனிய வைக்கும் எண்ணிக்கைதான். அவ்வாண்டு டிசம்பரில் திருச்சியில் ஒருவர் கைதானார்.

பாதிக்கப்படும் பிள்ளைகள் எங்கோ தொலைதேசத்தில் இருப்பவர்கள் என்றும் எண்ணிவிடாதீர்கள். 2023ஆம் ஆண்டு மத்தியப் புலனாய்வுத் துறை நம் தஞ்சை மாவட்டத்திலேயே ஒருவரைக் கைது செய்தது. இன்டர்போல் அமைப்பின் படத் தொகுப்பிலிருந்து கிடைத்த தடயமே விசாரணையை அந்த இடத்திற்கு இட்டு வந்தது. காவிரிப் படுகையின் பிள்ளைகளும் அந்தப் படங்களில் இருக்கக்கூடும் என்பதுதான் இதன் பொருள்.

கண்டிப்பதற்காக அனுப்பலாமா?

நல்லவர்களும் தவறிவிடும் இடம் ஒன்று உண்டு. ஒரு பிள்ளைக்கு நேர்ந்த கொடுமையைக் காட்டும் காணொளி வாட்ஸ்அப் குழுவில் வருகிறது. மனம் கொதிக்கிறது. "இந்தக் கயவனைப் பிடிக்கும் வரை பகிருங்கள்" என்று எழுதி, உறவினர் குழு, தெருக் குழு, ஜமாஅத் குழு என்று எல்லாவற்றுக்கும் அனுப்பிவிடுகிறார்கள். நோக்கம் நல்லதே. ஆனால் நடப்பது என்ன? அப்பிள்ளையின் மானம் ஒரு நாளில் ஆயிரம் பேரிடம் போய்ச் சேர்கிறது. சட்டத்தின் பார்வையிலும் அனுப்பியவர் பரப்பியவராகிறார். கண்டனம் எழுதி அனுப்பினேன் என்பதற்காகச் சட்டம் விலக்கு அளிக்கவில்லை. தகவல் தருவதற்காகவும் சாட்சியமாகப் பயன்படுத்துவதற்காகவும் மட்டுமே விலக்கு உண்டு. தகவல் போக வேண்டிய இடம் காவல் நிலையம், வாட்ஸ்அப் குழுவன்று.

உங்களுக்கு வந்துவிட்டால் செய்ய வேண்டியது

உடனே மூடுங்கள். யாருக்கும் அனுப்பாதீர்கள். எந்த எண்ணிலிருந்து, எந்தக் குழுவில், எந்த நேரத்தில் வந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளூர்க் காவல் நிலையத்திலோ சிறப்புச் சிறார் காவல் பிரிவிலோ மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்திலோ தகவல் கொடுங்கள். 2018இல் தொடங்கப்பட்ட அந்தத் தளத்தில், சிறார் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதிவு செய்யலாம். ஒரு பிள்ளை ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தால் 1098 என்ற சிறார் உதவி எண்ணுக்கு அழையுங்கள். படத்தை அழிப்பது குறித்துத் தகவல் கொடுக்கும்போதே காவல்துறையிடம் கேட்டு, அவர்கள் சொற்படி நடங்கள். நல்லெண்ணத்துடன் தகவல் தந்தவர்மீது வழக்குத் தொடர முடியாது என்று போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு உறுதியளிக்கிறது.

வேளாங்கண்ணியிலும் நாகூரிலும் விடுதி நடத்துவோரும் அங்கே பணிபுரிவோரும் இன்னொன்றையும் அறிய வேண்டும். விடுதி, மருத்துவமனை, புகைப்பட நிலையம் போன்ற இடங்களில் பணிபுரியும் எவரும் சிறாரைச் சுரண்டும் பதிவையோ பொருளையோ காண நேர்ந்தால், காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று 20ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. முதலாளி ஒருவரும் பணியாள் ஒருவரும் மட்டுமே உள்ள இடமாயினும் கடமை ஒன்றே. திருவிழாக் கூட்டத்தில் வந்து போகிறவர்தானே, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. தெரிந்தும் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை விதிக்க 21ஆம் பிரிவு இடமளிக்கிறது.

இதே பிரிவை நம் ஜமாஅத் பெரியவர்களும் கருத்தில் கொள்ள வேண்டும். "நம்ம ஊர்ப் பையன், வாழ வேண்டிய வயசு, சத்தமில்லாமல் பேசி முடித்துவிடுவோம்" என்று பஞ்சாயத்தில் உட்கார்ந்து எழுதி வாங்கி அனுப்புவது இரக்கமாகத் தோன்றலாம். அந்த இரக்கத்தில் பிள்ளைக்குப் பங்கு உண்டா? கொடுக்கல் வாங்கலைப் பேசி முடிக்கலாம். எல்லைத் தகராற்றைப் பேசி முடிக்கலாம். பிள்ளைக்கு இழைத்த கொடுமையைப் பேசி முடிக்க நமக்கு மார்க்கமும் அதிகாரம் தரவில்லை, சட்டமும் தரவில்லை. பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயரும் அடையாளமும் வெளியே வரக் கூடாது என்று சட்டமே பாதுகாக்கிறது. குடும்ப மானம் போய்விடும் என்று அஞ்சி மறைக்க வேண்டியதில்லை.

கடல் கடந்து வாழ்வோருக்கு

இப்பகுதியின் பிள்ளைகள் பலர் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வேலை பார்க்கிறார்கள். அங்கெல்லாம் சட்டம் இதைவிட வெளிப்படையானது. சிங்கப்பூரில் 2020 ஜனவரி முதல், இத்தகைய பதிவை வைத்திருப்பது மட்டுமல்ல, அணுகிப் பார்ப்பதும் ஐந்தாண்டு வரை சிறைக்குரிய குற்றம். அபராதமோ பிரம்படியோ கூடச் சேரலாம். மலேசியாவின் 2017ஆம் ஆண்டுச் சட்டம் அணுகிப் பார்ப்பதற்கும் வைத்திருப்பதற்கும் ஐந்தாண்டு வரை சிறையோ 10,000 ரிங்கிட் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. ஓர் இரவின் இழிவான ஆசை, ஊரில் ஒரு குடும்பம் நம்பியிருக்கும் சம்பாத்தியத்தையே அழித்துவிடும்.

பெற்றோர்களே, சிந்தியுங்கள்!

பள்ளிப் பிள்ளைகள் தம்மையே படமெடுத்து ஒருவருக்கொருவர் அனுப்புவதும் நடக்கிறது. அதைக் கைப்பற்றிய ஒருவன் மிரட்டும்போது பிள்ளை முதலில் அஞ்சுவது அவனுக்கல்ல, நமக்கு. அத்தா அடிப்பார், அம்மா அழுவார், படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்ற அச்சத்தால் வாய் திறக்காமல், மிரட்டுபவன் கேட்டதையெல்லாம் கொடுக்கத் தொடங்குகிறது. "எது நடந்தாலும் முதலில் எங்களிடம் வந்து சொல், நாங்கள் உன் பக்கம் நிற்போம்" என்ற ஒரு சொல்லை இன்றிரவே உங்கள் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். கைபேசிக்குப் போடும் எந்தப் பூட்டும் இந்தச் சொல்லுக்கு ஈடாகாது.

இத்தகைய பதிவுகளைத் தேடும் இழிந்த பழக்கத்தில் சிக்கி, வெளிவர வழி தெரியாமல் தவிப்பவர் எவரேனும் இதைப் படிக்க நேரலாம். அவருக்கும் ஒரு சொல். இன்றே நிறுத்துங்கள். மனநல மருத்துவரிடம் செல்லுங்கள். மறைத்து வைப்பதால் அந்நோய் தீராது, வளரும்.

பார்வையைத் தாழ்த்திக்கொள்ளுமாறு மார்க்கம் நமக்குச் சொன்னபோது கைபேசி இல்லை, இணையம் இல்லை. ஆனால் பார்வையில் தொடங்குவது பார்வையோடு நிற்காது என்ற உண்மை அன்றும் இருந்தது. அதையே இன்று நாட்டின் சட்டமும் வேறு சொற்களில் சொல்கிறது. ஆழிப்பேரலை ஓய்ந்தபின் பிறர் பெற்ற பிள்ளைகளையும் தன் பிள்ளைகளாகக் காத்த கரை இது. முகம் அறியாத பிள்ளையின் மானத்தையும் அவ்வாறே காப்போமாக. அதற்குரிய உறுதியை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.